பிக்கப்பில் ஃபிரிட்ஜ் மாட்டுகிறீர்களா? வயரைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

மண்ணச்சநல்லூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சுற்றிலும் அரிசி ஆலைகள் இருக்கிற ஊர் என்பதால் அரிசிக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் வெயிலைப் பற்றித்தான். காலையில் மாவு போடுகிற நடையில் பிரச்சினை கிடையாது. ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கடைகளில் இறக்கிவிடலாம். மதியம் மூன்று மணி நடைதான் உயிரை எடுக்கும். நம்பர் ஒன் டோல்கேட், ஸ்ரீரங்கம், உறையூர், தில்லைநகர் என்று 22 கடை. கத்திரி வெயிலில் கடைசிக் கடைக்குப் போவதற்குள் பாக்கெட் பந்து மாதிரி ஊதிவிடும். புளித்த மாவைக் கடைக்காரர் மறுநாள் அப்படியே ரிட்டர்ன் கொடுப்பார்.

எங்களிடம் இருப்பது பழைய போலேரோ பிக்கப். பின்னால் தகரக் கூண்டு அடித்து மூடிய வண்டி. அதற்குள் 12 வோல்ட்டில் ஓடுகிற 75 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்தால் மதிய நடையைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டேன். திருச்சியில் ஃபிரிட்ஜையும் விற்று வண்டியிலும் மாட்டித் தருகிற கடை ஒன்றைப் பிடித்தோம். ஃபிரிட்ஜ் 39,500 ரூபாய், மாட்டும் கூலியும் சாமானும் 8,500. கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் கேட்காதீர்கள்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "அக்கா, மாவ சூடா வச்சாலும் ஒரு மணி நேரத்துல ஜில்லுன்னு ஆயிடும். பேட்டரியப் பத்திக் கவலையே படாதீங்க, கட் ஆஃப் இருக்கு." இந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான் 48,000 ரூபாய் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நாளே ஃபிரிட்ஜ் நின்றது. வண்டி ஓடும்போது ஓடும். கடை வாசலில் இன்ஜினை அணைத்ததும் இரண்டு நிமிடத்தில் 'பீப்' என்று கத்தி அணைந்துவிடும். 22 கடையில் 22 தடவை. தில்லைநகர் போய்ச் சேரும்போது உள்ளே 17 டிகிரி. அன்றைக்கு அனுப்பியதில் மறுநாள் திரும்பி வந்தது 31 பாக்கெட்.

போன் போட்டோம். பேட்டரி பாதுகாப்பு 'ஹை'யில் இருக்கிறது, 'லோ'வுக்கு மாற்றுங்கள் என்றார். அவர் சொன்ன கட் ஆஃப் இதுதான்: வோல்ட் இறங்கினால் பேட்டரி காலியாகாமல் இருக்க ஃபிரிட்ஜ் தானே அணையும். 'ஹை'யில் சீக்கிரம் அணையும், 'லோ'வில் நன்றாக இறங்கிய பிறகுதான். மாற்றினோம். இப்போது நிற்கவில்லை. இரவும் ஓடட்டும், காலையில் குளிர்ந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் விட்டுவிட்டார். விடிகாலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'கிட் கிட்' என்ற சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை. அரைத்து வைத்த 120 கிலோ மாவையும் பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டோவுக்காகக் காத்திருந்த அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது.

வண்டியைக் கடைக்கே கொண்டுபோனோம். ஃபிரிட்ஜில்தான் கோளாறு, சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று கழற்றி வாங்கிக்கொண்டார்கள். 15 நாள். திரும்பி வந்தபோது கோளாறு எதுவும் இல்லை என்று ஒரு சீட்டும், பார்த்துத் தந்த கூலி 1,200 ரூபாய் என்று ஒரு பில்லும் கூடவே வந்தன. கோளாறு இல்லை என்றால் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். "அக்கா, இது எலக்ட்ரிக்கல் விஷயம், சொன்னா உங்களுக்குப் புரியாது. அண்ணன வரச் சொல்லுங்க, பேசிக்கிறேன்." அண்ணன் என்று அவர் சொன்ன என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். கடை நடத்துவதும் கணக்குப் பார்ப்பதும் நான்.

என் பெரியப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்கு லைட், ஃபேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் புலம்பியபோது ஒரே கேள்விதான் கேட்டார்: "வண்டிய அணைச்சிட்டு, ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டு இருக்கும்போது, பிளக்குல எத்தன வோல்ட் இருக்கு?" தெரியாது என்றேன். "அப்ப நீயும் தப்பு, அவனும் தப்பு" என்றார்.

400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். பானட்டைத் திறந்து பேட்டரி முனையில் வைத்தால் 12.4. பின்னால் போய் ஃபிரிட்ஜ் பிளக்கில் வைத்தால் 10.9. நடுவில் ஒன்றரை வோல்ட்டைக் காணோம். பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் ஃபிரிட்ஜுக்குத் தெரிவது பிளக்குக்கு வந்து சேருகிற வோல்ட் மட்டும்தானே. 10.9ஐப் பார்த்ததும் பேட்டரி சாகப்போகிறது என்று நினைத்துத் தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் 13.9 கொடுப்பதால் வழியில் ஒன்றரை போனாலும் ஓடியிருக்கிறது. 'லோ'வுக்கு மாற்றச் சொன்ன வைத்தியம் என்னவென்றால், காவல்காரனைத் தூங்கச் சொன்னதுதான். அது தூங்கியது, பேட்டரி காலியானது.

ஒன்றரை வோல்ட் எங்கே போயிற்று என்று பெரியப்பா வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். 68 வயது. வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. பில்லில் '6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர்' என்று போட்டிருந்தது, உள்ளே இருக்கிற கம்பியின் கன அளவு அது. அடியில் ஓடியது பார்வைக்கே மெலிசாக இருந்தது. ஒரு துண்டு வெட்டி எடுத்துத் தோலை உரித்து, இழையைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய வயர். கனமும் ஒன்றரை ஸ்கொயர்தான் இருக்கும் என்றார். கணக்கையும் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். பேட்டரியில் இருந்து கூண்டுக்கு ஏழு மீட்டர், போக வர 14 மீட்டர். ஃபிரிட்ஜ் ஐந்து ஆம்பியர் சொச்சம் இழுக்கிறது. இந்த மெலிசு வயரில் ஒன்றரை வோல்ட் வரைக்கும் தின்னும். நிஜமான 6 ஸ்கொயர் செம்பாக இருந்தால் கால் வோல்ட்கூடப் போகாது.

வோல்ட் போனதைக்கூட மன்னித்துவிடுவேன். அடுத்துப் பார்த்ததுதான் வயிற்றைக் கலக்கியது. பில்லில் ஃபியூஸுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள், வண்டியில் ஃபியூஸே இல்லை. பேட்டரி முனையில் இருந்து நேராக வயர் கிளம்புகிறது. சேஸிஸ் ஓட்டை வழியாக வருகிற இடத்தில் ரப்பர் வளையம் போடாததால் இரும்பு விளிம்பு தோலை அறுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி சைலன்ஸர் பக்கமாக ஓடி, அங்கே தோல் இளகி வழிந்திருந்தது. செம்பு வெளியே தெரிந்து சேஸிஸில் பட்டிருந்தால், நடுவில் அறுந்து காப்பாற்ற ஒன்றும் இல்லை. பேட்டரியின் மொத்த பலமும் அந்த வயருக்குள் பாய்ந்து பற்றிக்கொள்ளும். இந்த வண்டியில்தான் பள்ளி விட்டதும் என் மகள் ஏறி வருவாள்.

கூண்டுக்குள்ளும் ஒரு கூத்து. ஃபிரிட்ஜ் ஆடாமல் இருக்க பிளைவுட் பெட்டி செய்து அதற்குள் இறுக்கி இறக்கியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, நானே பாராட்டினேன். ஆனால் சூட்டை வெளியே தள்ளுகிற ஜன்னல் பக்கம் பிளைவுட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு கம்ப்ரசர் ஓயாமல் ஓடியிருக்கிறது. மதியம் ஒரு தெர்மாமீட்டரைக் கூண்டுக்குள் தொங்கவிட்டுப் பார்த்தேன், 52 டிகிரி. தகரத்துக்கு அடியில் வேறென்ன இருக்கும்.

ஃபிரிட்ஜ் மேல் எனக்குக் குறை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஜில்லென்று ஆகும் என்ற பேச்சுதான் சுத்தப் பொய். ஐம்பது அறுபது வாட் இழுக்கிற கம்ப்ரசர் அது. 40 கிலோ மாவை 32 டிகிரியில் இருந்து ஆறுக்கு இறக்க அதற்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். குளிர்ந்ததைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், அதற்குத்தான் அது. இப்போது வீட்டுப் பெரிய ஃபிரிட்ஜில் முதல் நாளே பாக்கெட்டைக் குளிரவைத்து, வண்டி ஃபிரிட்ஜை வீட்டுக் கரண்டில் போட்டுக் குளிர்த்தி, மதியம் இரண்டரைக்கு மாற்றுகிறோம்.

வேலையைப் பெரியப்பாவே திருத்தினார். நல்ல செம்பு 6 ஸ்கொயர், பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ், டேப் சுற்றிய முறுக்குகளுக்குப் பதில், வயர் முனையில் அழுத்திப் பிடிக்கிற உலோகக் கொக்கியான லக். மைனஸையும் பாடியில் கடிக்கவிடாமல் பேட்டரி வரைக்கும் கொண்டுபோனார். சிகரெட் லைட்டர் மாதிரியான சாக்கெட்டையும் தூக்கிப் போட்டார், உறையூர் குண்டுகுழியில் அது தளர்ந்துகொண்டே இருந்தது. பிளைவுட் பெட்டியை உடைத்து, சூட்டு ஜன்னல் பக்கம் நாலு விரல் இடைவெளிக்கு மேலேயே விட்டு, பெல்ட் போட்டுக் கட்டினோம். தகரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காற்று வாசல் வெட்டி வலை அடித்தோம். மொத்தம் 3,900 ரூபாய். இப்போது இன்ஜின் நின்றிருக்கும்போது பிளக்கில் 12.2. கட் ஆஃபைத் திரும்ப 'ஹை'யில் வைத்துவிட்டோம், கடை வாசலில் ஃபிரிட்ஜ் அணைவதில்லை.

ராத்திரி முழுக்க வண்டியிலேயே ஓட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தத் திருத்தம் போதாது. அதற்குத் தனி பேட்டரி வேண்டும். வண்டியைக் கிளப்புகிற பேட்டரி அதற்குச் செய்ததில்லை.

பணத்தைக் கேட்டு முதலில் 1915க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். கடையில் இருந்து வந்த பதில்: மாவு வியாபாரத்துக்கு வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லையாம். இதைப் படித்துப் பயந்துபோய் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிகப் பயன்பாட்டில் சேராது. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போட்டாயிற்று.

போன வாரம் கடைக்காரர் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, புகாரை வாபஸ் வாங்கினால் வயர் காசு 2,000 தருகிறேன் என்றாராம். இவர் போனை என்னிடம் நீட்டினார். நான் ஹலோ என்றதும் லைன் கட். சுரண்டிய வயர்த் துண்டு, பில், 1,200 ரூபாய்ச் சீட்டு, மல்டிமீட்டர் படம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.