10 எம்எம் செயினும் கடைசிக் கண்ணியும்

கட்டபெட்டுப் பங்காளி ஒருத்தர் மினி டிராக்டர் எடுத்திருக்கிறார். "டிராக்டரை டிரெய்லர்ல ஏத்திக் கட்டறதுக்கு நீ வெச்சிருக்கற செயினே வாங்கிக்கட்டுமா பங்காளி?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் டிரெய்லருக்குப் புது டெயில் லைட் மாட்டியிருந்தேன். பழையது போனதே செயினை விடுவிக்கும்போதுதான்.

மூணு வருஷமாக இந்தச் செயின். கோத்தகிரியில் கேரட் காட்டு வேலை ஓய்ந்தால் டிராக்டரைக் காரமடைக்கு இறக்குவேன், அங்கே உழவு முடிந்தால் மறுபடி மேலே ஏற்றுவேன். அதற்கு முன்னால் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் சாதா இரும்புச் செயின்தான் இருந்தது. எத்தனை டன் தாங்கும் என்று கேட்டால் கடைக்காரர், "யானையவே கட்டலாங்க" என்பார். அதனால்தான் 80 கிரேடு என்கிற உறுதி கூடின செயினுக்கு மாறினேன். கண்ணியில் 8 அல்லது 80 என்று குத்தியிருக்கும், தடவிப் பார்த்தாலே தெரியும். 10 எம்எம் என்றால் ஒரு செயினுக்கு 3.15 டன் வேலைச் சுமை. என் டிராக்டரும் ரோட்டவேட்டரும் சேர்ந்தே ஒரு டன் சொச்சம்தான்.

செயினில் ஒரு குறை சொல்ல முடியாது. ஐப்பசி மழையில் நனைந்து, மண்ணில் புரண்டு, இன்னும் ஒரு கண்ணி நீளவில்லை. ஒருமுறை மட்டும் கெட்டது, அதுவும் அதன் தப்பில்லை. கொக்கி மாற்றக் கொடுத்த பட்டறையில், என்னைக் கேட்காமலே கடைசிக் கண்ணியில் வெல்டிங் வைத்துவிட்டார்கள். சூடு காட்டிப் பதம் ஏற்றிய இரும்பு அது. மறுபடி சூடு பட்டால் பதம் போய்விடும், அப்புறம் சாதா செயினுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. வாய்த்தகராறு ஆகி, அந்த முனையை வெட்டிப் போட்டு, ஆணி அடித்துச் சேர்க்கும் இணைப்புக் கண்ணி மாட்டினேன்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் இழுத்துக் கட்டும் லீவர் மேல். 10 எம்எம் செயினில் கண்ணிக்குக் கண்ணி 30 எம்எம். இந்தக் கண்ணியில் கொக்கியைப் போட்டால் செயின் தொட்டில் மாதிரி தொங்கும். அடுத்த கண்ணியில் போட்டால் லீவர் பாதியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கும். பைப்பைச் சொருகி அமுக்கலாம், அமுக்கியிருக்கிறேன். போன வாரம் மேட்டுப்பாளையத்தில் இறக்குவதற்காக விடுவித்தபோது அத்தனை இழுப்பும் கைப்பிடிக்குத் திரும்பி, சடார் என்று சுழன்று டெயில் லைட்டை எடுத்தது. நான் ஒரு சாண் தள்ளி நின்றிருந்தேன். இல்லாவிட்டால் என் தாடை.

லீவருக்குப் பதிலாகத் திருகித் திருகி இறுக்கும் ராட்செட்டில் இந்தத் தொல்லை கிடையாது. கொக்கி எந்தக் கண்ணியில் விழுந்தாலும் மிச்சத்தைத் திருகி எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கச் செயின் இரண்டுக்கும் ராட்செட் போட்டு ரொம்ப நாளாச்சு. பின்பக்கம் லீவரே போதும் என்று விட்டேன். விலைதான் காரணம். இதில் கூத்து என்னவென்றால், முன்பார்த்து ஏற்றிய டிராக்டர் இறக்கத்தில் முன்னால் சரியாமல் பிடித்து நிறுத்துவது பின்செயின்தான். கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் வரை 30 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் இறக்கம். சரியாக அந்த இடத்தில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறேன்.

காற்று டயர் வேறு சும்மா இருக்காது. கிளம்பும்போது வீணைக் கம்பி மாதிரி இருந்த செயின், அரவேணு வருவதற்குள் டயர் அமுங்கித் தொய்ந்துவிடும். இறங்கி ஒருமுறை இறுக்கணும், குஞ்சப்பனை செக்போஸ்டில் இன்னொரு முறை. பனியில் விறைத்த விரலோடு கண்ணி எண்ணிப் பார், அப்போது தெரியும். லீவர் கைப்பிடியைச் செயினோடு கம்பி போட்டுக் கட்ட மறந்தால், தொய்ந்த நேரத்தில் தானாகவே திறந்துகொள்ளும்.

செயினுக்குப் பதிலாக இழுத்துக் கட்டும் நாடா பெல்ட் வாங்கலாமா என்றும் பங்காளி கேட்டார். ரோட்டவேட்டரைத் தரையோடு அமுக்கிக் கட்ட நானும் பெல்ட்தான் போடுகிறேன். டிராக்டருக்கு வேண்டாம், அச்சுப் பக்கத்து இரும்பு விளிம்பில் உரசி அறுந்துவிடும். செயினையும் ஸ்டியரிங் ராடில் மாட்டித் தொலைக்காதே. அச்சிலோ சேஸிஸிலோ மாட்டு.

இவ்வளவு புகழ்ந்தவன் இன்னொரு முறை இதையே வாங்குவேனா? மாட்டேன். 8 எம்எம் வாங்குவேன். அதுவே 2 டன் தாங்கும், கண்ணி இடைவெளி 24 எம்எம், மீட்டருக்கு 1.4 கிலோ. என்னுடையது 2.2. நாலு செயின், தலைக்கு மூணு மீட்டர், மழையில் நீயே தூக்கிப் பார். மிச்சமாகும் காசில் நாலுக்கும் ராட்செட் போட்டுக்கொள்.

என் 10 எம்எம்மை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று பங்காளி விலை பேசினார். தரவில்லை. பின்பக்கத்துக்கு ராட்செட் இரண்டு சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை வருகிறது.