நேரோபோட்டில் குளிர்காலத் தண்ணீர் வடிப்பு: முக்கால் திருப்தி

இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில் கட்டி நிறுத்தியிருக்கும் என் நேரோபோட்டுக்கு (ஒடுக்கமான, நீளமான கால்வாய்ப் படகு), குளிரில் குழாய்த் தண்ணீர் உறையாமலிருக்க அதை வடித்துவிட, நவம்பரில் ஒரு நடமாடும் மெக்கானிக்கை வரவழைத்தேன். பம்ப்பை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, வெந்நீர்த் தொட்டியை வடித்தார். ஒன்றரை மணி நேரம், வேலை சுத்தம். ஷவர் மிக்சரை (வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கும் பித்தளைக் குழாய்) மட்டும் மறந்துவிட்டார்! உள்ளே தேங்கியது ஒரு மடக்குத் தண்ணீர்தான். ஆனால் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியுமே, பித்தளை என்ன செய்யும்? மார்ச்சில் பம்ப்பைப் போட்டதும் தலைமுடி கனத்தில் விரிசல், சுவரெல்லாம் தண்ணீர்.

கூப்பிட்டதும் வந்து, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். அடுத்த முறை கார் ஆன்டிஃப்ரீஸை (தண்ணீரை உறையவிடாத திரவம்) குழாய்களில் ஊற்றிவிடலாமா என்று கேட்டேன், முறைத்தார். அது விஷமாம், குடிநீர்க் குழாயில் விடவே கூடாதாம். இந்த நவம்பரிலும் அவரைத்தான் கூப்பிடுவேன். ஷவர் ஹோஸை மட்டும் நானே கழற்றித் தரையில் போட்டுவைப்பேன்.