கம்பித் தட்டில் நேராகச் சுட்ட உறைந்த பீட்சா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் 16 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. கோழியும் அன்னாசியும் போட்ட மெல்லிய பீட்சா. எங்கள் வீட்டில் மேசை மேல் வைக்கிற சின்ன ஓவன்தான். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி தீபாவளிக்கு வாங்கித் தந்தது.

முதல் தடவை தகரத் தட்டில் வைத்துச் சுட்டேன். மேலே சீஸ் பொன்னிறம், அடியில் நனைந்த ரொட்டி. தட்டு சூடாகவே நேரம் பிடிக்கிறது, மாவின் ஆவி வெளியேறவும் வழியில்லை. அம்மா ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் ஓவனை 220 டிகிரியில் கால் மணி நேரம் சூடேற்றி, பிரீசரிலிருந்து எடுத்த கையோடு நேராகக் கம்பி மேல் வைத்தேன். அடியில் இருக்கும் அட்டையை மறக்காமல் எடுத்துவிடுங்கள். 12 நிமிடம். கத்தி இறங்கும்போது நறுக்கென்று சத்தம். திருப்பிப் பார்த்தால் கம்பி வரிசையாகப் பழுப்புக் கோடுகள். முறுகல் தோசையின் ஓரத்துக்காகச் சண்டை போடும் வீடு எங்களுடையது. அம்மா மூன்று துண்டு சாப்பிட்டார்.

இளக விட்ட பீட்சாவைக் கம்பியில் வைக்கவே கூடாது, மாவு நடுவில் தொங்கிவிடும். அப்புறம், சின்ன ஓவனில் சூட்டுக்கம்பி அடியிலேயே இருப்பதால் சீஸ் சொட்டினால் புகை கிளம்பும். சீஸ் உருகத் தொடங்கியதும் கீழே ஒரு தட்டைச் செருகிவிடுகிறேன்; முதலிலேயே வைத்தால் அடிச்சூடு மறைந்துவிடுகிறது.

சாஸில் இனிப்பு அதிகம். பச்சை மிளகாய் நறுக்கித் தூவினால் சரியாகிவிடும். மறுபடியும் வாங்குவேன்.