கான்ஸ்டன்டைனா, ஜமீலா, தர்கோவிச்சா? இந்திய அணிக்கு யார் பொருத்தம்

இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் நாற்காலி ஆடும்போதெல்லாம், ஏற்கெனவே இரண்டு முறை அதில் உட்கார்ந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் பெயர் வந்துவிடும். 2025 ஜூலையில் மனோலோ மார்க்கெஸ் விலகியபோது அது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. சுமார் 170 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு சலித்துக் கொடுத்த மூன்று பெயர்களில் அவருடையதும் ஒன்று. மற்ற இருவர், ஜாம்ஷெட்பூர் கோச் காலித் ஜமீலும் ஸ்லோவாக்கியாவின் முன்னாள் தேசியப் பயிற்சியாளர் ஸ்டெஃபான் தர்கோவிச்சும். ஆகஸ்ட் 1 அன்று பொறுப்பு ஜமீலுக்குப் போனது. அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பு பறிபோனதும், "அன்றைக்கே கான்ஸ்டன்டைனைக் கூட்டி வந்திருக்கலாம்" என்ற பேச்சு மறுபடி கிளம்பியது.

அப்படிச் சொல்பவர்களைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. கான்ஸ்டன்டைன் கையில் இரண்டு காலகட்டங்களின் கணக்கு இருக்கிறது. 2002 முதல் 2005 வரை முதல் முறை: வியட்நாமில் எல்ஜி கோப்பை, 2003 ஹைதராபாத் ஆப்பிரிக்க ஆசிய விளையாட்டில் வெள்ளி. 2015 முதல் 2019 வரை இரண்டாவது முறை: திருவனந்தபுரத்தில் ஆப்கானிஸ்தானை 2-1 என வென்று தெற்காசியக் கோப்பை, 2019 ஆசியக் கோப்பைக்குத் தகுதி, அங்கே தாய்லாந்தை 4-1 என்று வீழ்த்திய அந்த இரவு. ஃபிஃபா தரவரிசையில் 173-வது இடத்தில் கிடந்த அணி 2017 ஜூலையில் 96-வது இடத்துக்கு ஏறியது. ரசிகர்கள் முதலில் எடுத்துப் போடுவது இந்த 96-ஐத்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

96 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது

2018 ஆகஸ்டுக்கு முன் ஃபிஃபா தரவரிசை சராசரி அடிப்படையில் ஓடியது. ஓர் ஆட்டத்தின் புள்ளிக்கு நான்கு எண்களைப் பெருக்குவார்கள்: முடிவு (வெற்றி 3, டிரா 1, தோல்வி 0), ஆட்டத்தின் முக்கியத்துவம் (நட்பு ஆட்டம் 1, தகுதிச்சுற்று 2.5), எதிரணியின் பலம் (200-இல் அதன் இடத்தைக் கழித்தது, குறைந்தது 50), கண்ட மதிப்பு (ஆசியாவுக்கு 0.85). 150-க்குக் கீழே உள்ள அணியைத் தகுதிச்சுற்றில் வென்றால் 3 × 2.5 × 50 × 0.85, அதாவது 318.75. அதே அணியை நட்பு ஆட்டத்தில் வென்றால் 127.5 மட்டுமே. டிரா ஆனால் 42.5. இவற்றையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுப்பதால், யாரோடு எப்போது ஆடுகிறோம் என்பதே பாதி வேலையைச் செய்துவிடும். 2016 செப்டம்பரில் மும்பையில் 4-1 என்று தோற்கடித்த போர்ட்டோ ரிக்கோ அப்போது 114-வது இடத்தில் இருந்தது. நட்பு ஆட்டம்தான், ஆனாலும் 219 புள்ளி.

இதைத் தந்திரம் என்று குறை சொல்லக் கூடாது. விதியைப் படித்து ஆட்டங்களைத் தேர்வதும் வேலையின் ஒரு பகுதி. ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டும், அதையும் அவர் அணி செய்தது. 2017 மார்ச்சில் மியான்மரில் போய் கடைசி நிமிடத்தில் சுனில் சேத்ரி அடித்த கோல் எந்தச் சூத்திரத்திலும் அடங்காது. ஆனால் அந்தச் சூத்திரம் இப்போது இல்லை.

புதிய முறையில் வெற்றி 1, டிரா 0.5, தோல்வி 0 என்ற கணக்கில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. அதற்கு மேல் போனால் கூடும், கீழே போனால் குறையும். நம்மைவிட 200 புள்ளி குறைந்த அணியோடு தகுதிச்சுற்று ஆடினால் எதிர்பார்ப்பு 0.68. வென்றால் கிடைப்பது ஏறக்குறைய 8 புள்ளி, டிரா செய்தால் 4.6 போய்விடும். தேசிய அணிகளுக்கென்று ஃபிஃபா ஒதுக்கும் நாட்களுக்கு (ஃபிஃபா விண்டோ) வெளியே ஆடும் நட்பு ஆட்டத்தின் எடை 5 மட்டுமே, தகுதிச்சுற்றுக்கு 25. சிறிய அணிகளை வரிசையாக வென்று நூறுக்குள் நுழையும் பாதை அடைபட்டுவிட்டது. "அவர் வந்தால் ரேங்கிங் ஏறும்" என்று சொல்பவர்கள் பழைய விதிப் புத்தகத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

ஷார்ஜாவில் கடைசி நிமிடம்

2019 ஜனவரி 14, ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிரான ஆட்டம். டிரா போதும், நான்கு புள்ளியோடு இந்தியா அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். நான்காவது நிமிடத்திலேயே அனஸ் எடத்தொடிகா காயத்தோடு வெளியேறினார். அங்கிருந்து இந்தியா பின்னால் இறங்கிக்கொண்டே போனது. பந்தைத் தட்டிவிட்டால் அடுத்த நொடியே அது திரும்பி வந்தது. முன்னால் பந்தைப் பிடித்து வைத்து, பின்வரிசை மூச்சுவிடப் பத்து வினாடி வாங்கித்தர ஆளில்லை. கூடுதல் நேரத்தில் பிரணாய் ஹால்டர் பெட்டிக்குள் செய்த ஃபவுலுக்கு பெனால்டி, ஜமால் ராஷித் அடித்தார், 0-1. கான்ஸ்டன்டைன் அன்றே பதவி விலகினார்.

பழியை ஹால்டர் தலையில் போடுவது அநியாயம். 90 நிமிடம் தற்காக்கிற அணிக்குக் கடைசியில் கால் தாமதமாகத்தான் போகும். அவருடைய அணி உடல் தகுதியில் நன்றாக இருந்தது. நேராக முன்னால் அடித்து இரண்டாவது பந்துக்கு ஓடுவதில் கெட்டிக்கார அணி. தாய்லாந்து இடைவெளி விட்டு ஆடியதால் அது பலித்தது. முன்னிலையையோ சமநிலையையோ பந்தைக் கையில் வைத்துக் காப்பாற்றும் பயிற்சி அந்த அணிக்கு இருக்கவில்லை. நான்கு வருடம் கையில் இருந்தும் அது வராமல் போனதுதான் அவர் மேல் எனக்குள்ள பெரிய குறை. 2015-இல் குவாமிடம் 1-2 என்று தோற்ற நாளைவிட இது கனமான குற்றச்சாட்டு.

கேப்டன் பட்டை விவகாரம்

சர்ச்சைக்குரியவர் என்ற பெயர் அவருக்கு வந்தது இங்கேதான். 2018 அக்டோபரில் சீனாவோடு 0-0 என முடிந்த ஆட்டத்தில் சேத்ரி ஆடியும் கேப்டன் பட்டை சந்தேஷ் ஜிங்கன் கையில் இருந்தது. ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்துக்கு மூன்று கேப்டன்கள்: குர்ப்ரீத், சேத்ரி, ஹால்டர். மூத்த வீரர்கள் அவரை மாற்றச் சொல்கிறார்கள் என்று போட்டிக்கு முன்பே பத்திரிகைகளில் செய்தி வந்தது.

பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது என்பது அவர் தரப்பு. கொள்கையாக அதில் தப்பில்லை. ஆனால் ஒரு பெரிய போட்டியின் நடுவில் நடுவரிடம் பேசுவது யார், பெட்டிக்குள் மார்க்கிங் மாறும்போது கத்துவது யார் என்பது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாறக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை அவருடைய எதிர்ப்பாளர்கள் பேசுவதே இல்லை. பெயரைப் பார்க்காமல் இளைஞர்களை உள்ளே கொண்டுவந்தவர் அவர். ஜிங்கன், உதாந்தா, அனிருத் தாப்பா, ஆஷிக் குருணியன் எல்லாம் அவர் காலத்தில் தேசிய அணிக்குள் வந்தவர்கள். 2025-இல் ஜமீலின் முதல் ஆட்டத்தில் தஜிகிஸ்தானை 2-1 என்று வென்றபோது கோல் அடித்தவர்களில் ஒருவர் ஜிங்கன். அதே தொடரில் ஓமனுக்கு எதிராக மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் சமன் செய்தது உதாந்தா. பத்து வருடம் முன்பு நட்டதை இன்றைய கோச் அறுவடை செய்கிறார். மூத்த வீரர்களுக்கும் அவருக்கும் உரசல் வந்ததற்கு இந்தத் துணிச்சலும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

2019-க்குப் பிறகான அவருடைய பதிவு கலவையானது. ஈஸ்ட் பெங்கால் கிளப்போடு 2022-23 இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) 11 அணிகளில் 9-வது இடம். பாகிஸ்தானுக்கு 2023 அக்டோபரில் கம்போடியாவை வென்று உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அந்நாட்டின் முதல் வெற்றியை வாங்கித் தந்தார். அடுத்த சுற்றில் ஆறும் தோல்வி. நலிந்த அணியை ஒரு படி ஏற்றுவார், அதற்கடுத்த படியில் திணறுவார். இந்தியாவில் பார்த்ததும் இதேதான்.

ஒன்பது நாளில் என்ன செய்ய முடியும்

பயிற்சியாளர்களை ஒப்பிடும்போது நாம் தத்துவம், ஃபார்மேஷன் என்று பேசுகிறோம். உண்மையில் முடிவு செய்வது நாட்காட்டி. வழக்கமான ஃபிஃபா விண்டோ திங்களன்று தொடங்கி அடுத்த வாரம் செவ்வாயன்று முடியும், ஒன்பது நாள், அதிகபட்சம் இரண்டு ஆட்டம். அதற்கு வெளியே, ஆசியக் கோப்பை போன்ற பெரிய தொடர்களைத் தவிர, வீரரை விடுவிக்க கிளப்புக்குக் கட்டாயம் இல்லை. சிங்கப்பூரோடு இரண்டு ஆட்டங்களும் 2025 அக்டோபர் 9 வியாழன், 14 செவ்வாய். அப்படிப்பட்ட வாரத்தில் திங்கள் வந்து சேர்ந்து களைப்பாறுவது, செவ்வாய் ஒரு முழுப் பயிற்சி, புதன் கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸும் மைதானத்தைப் பார்ப்பதும், வியாழன் ஆட்டம். முழு வேகத்தில் எல்லோரும் சேர்ந்து ஓடுவது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளில் புதிய ஆட்டமுறை கற்றுக்கொடுக்க முடியாது. இரண்டு கார்னர், ஒரு லாங் த்ரோ, தற்காப்பு எங்கே நிற்க வேண்டும் என்ற கோடு, அவ்வளவுதான். எந்த வீரர் எந்தப் பக்கம் திரும்பினால் தடுமாறுவார், யாருக்கு ஹாம்ஸ்ட்ரிங் இழுக்கிறது என்பதெல்லாம் முன்பே தெரிந்த ஆளுக்குத்தான் அந்த நாள் பயன்படும்.

இங்கேதான் ஜமீலின் கை ஓங்குகிறது. ஐஸ்வால் கிளப்பை 2016-17 ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். 2020-21-இல் பருவத்தின் நடுவில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை எடுத்து பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். 2024-25-இல் ஜாம்ஷெட்பூரை ஐஎஸ்எல் அரையிறுதிக்கும் சூப்பர் கோப்பை இறுதிக்கும் அழைத்துச் சென்றார். சின்ன பட்ஜெட், குறைந்த நேரம், கிடைத்த ஆட்கள்: தேசிய அணியின் நிலைமையும் இதுதான். தஜிகிஸ்தான் ஆட்டத்தில் முதல் 13 நிமிடத்துக்குள் வந்த இரண்டு கோல்களும் அந்த வேலையின் பலன்.

அவருடைய குறையும் அதே இடத்தில் தெரிகிறது. சிங்கப்பூரோடு கோவாவின் ஃபட்டோர்டாவில் நடந்த ஆட்டத்தில் 14-வது நிமிடத்தில் சாங்டே கோல் அடித்து முன்னிலை. அதன் பிறகு பந்தை வைத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க யாரும் இல்லை. இடைவேளைக்குச் சற்று முன் ஒன்று, 58-வது நிமிடத்தில் ஒன்று, இரண்டும் சாங் உய்-யங் அடித்தவை. ஷார்ஜாவில் பார்த்த அதே நோய், ஆறு வருடம் கழித்து, வேறொரு கோச்சின் கீழ். பின்னர் நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1.

கான்ஸ்டன்டைன் ஆதரவாளர்கள் சொல்வதில் ஒரு விஷயம் சரி. 2025 இலையுதிர் பருவத்தில் ஐஎஸ்எல் தொடங்காமல் கிடந்தது. வீரர்கள் லீக் ஆட்டம் ஆடாமல் தேசிய அணிக்கு வந்தார்கள். நீண்ட கேம்ப் போட்டு உடம்பை ஏற்றுவது அவருக்குக் கைவந்த கலை, அந்தச் சூழலுக்கு அவர் பொருந்தியிருப்பார். ஆனால் கிளப் ஆள் அனுப்பினால்தானே கேம்ப்?

தர்கோவிச்

தாளில் பார்த்தால் மூவரில் உயர்ந்த மேடையில் நின்றவர் இவர். யூரோ 2020-இல் ஸ்லோவாக்கியாவோடு போலந்தை 2-1 என வென்றார், ஸ்பெயினிடம் 0-5 வாங்கினார். கிர்கிஸ்தானோடு, 2024 ஜனவரியில் நடந்த 2023 ஆசியக் கோப்பையில் இரண்டு தோல்வி, ஓமனோடு ஒரு டிரா. இந்திய வீரர்களைத் தெரிந்துகொள்ளவே இவருக்கு மூன்று நான்கு விண்டோ போயிருக்கும். தகுதிச்சுற்றில் மிச்சம் இருந்தது நான்கு ஆட்டம். கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஸ்டிமாச் விட்டுப்போன பாடம்

முன்னாள் பயிற்சியாளரை அழைக்கலாம் என்ற பேச்சில் இகோர் ஸ்டிமாச் பெயரும் சில நேரம் வரும். 2019-இல் தோஹாவில் கத்தாரோடு 0-0, 2023-இல் பெங்களூரில் தெற்காசியக் கோப்பை, குவைத்தில் போய் 1-0, இவையெல்லாம் அவருடைய நல்ல பக்கம். அடுத்த ஆண்டு ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. 2024 ஜூனில் நீக்கினார்கள். ஒப்பந்தம் 2026 வரை இருந்ததால் விவகாரம் இழுபட்டு, கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள். இளையோர் லீக்குகளுக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது, நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்றாவது முறை வேண்டுமா

தலைமைப் பயிற்சியாளராக வேண்டாம் என்பதே என் முடிவு. ஷார்ஜாவின் குறையைத் தீர்க்க வேறொரு வகை ஆள் தேவை. அவருக்கு இருக்கும் பலமோ, கிடைக்காத ஒன்றைக் கேட்கிறது: நாட்கள். ஜமீலுக்குப் பந்தைக் காக்கத் தெரிந்த உதவிப் பயிற்சியாளர் ஒருவரைச் சேர்ப்பது இதைவிட மலிவு, விரைவு.

ஆனால் இந்தியக் கால்பந்து சம்மேளனம் என்றாவது கான்ஸ்டன்டைனைத்தான் எடுப்பது என்று தீர்மானித்தால், கையெழுத்துக்கு முன் நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும். ஒன்று, ஒரு தொடர் முழுக்க ஒரே கேப்டன். இரண்டு, ஆசியக் கோப்பைக்கோ முக்கியத் தகுதிச்சுற்றுக்கோ முன் எத்தனை நாள் கேம்ப் என்று கிளப்புகளும் லீக்கும் சேர்ந்து கையெழுத்திட்ட அட்டவணை. கோச்சின் ஒப்பந்தத்தில் மட்டும் எழுதிப் பயனில்லை. மூன்று, இலக்கு தவறினால் எத்தனை மாதச் சம்பளத்தோடு பிரியலாம் என்ற தெளிவான தொகை. நான்கு, ஒவ்வொரு கேம்ப்பிலும் 21 வயதுக்கு உட்பட்ட மூன்று ஸ்ட்ரைக்கர்களாவது இருக்க வேண்டும். ஓய்வு அறிவித்த சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அந்த இடத்துக்கு ஆள் தேடும் கண் கான்ஸ்டன்டைனுக்கு உண்டு. அவரை எடுப்பதாக இருந்தால் இந்த நான்காவது வேலைக்காகத்தான் எடுக்க வேண்டும்.