பத்துப் பேர், ஒரு தீவு, இரண்டு முடிவுகள்: எதைப் படிப்பது?

அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலைத் தேடிப் போனால் ஒரே கதை மூன்று பெயர்களில் வந்து நிற்கும், போதாததற்கு இரண்டு முடிவுகள் வேறு. டெவன் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வரவழைத்த பத்துப் பேர், ஒவ்வொருவர் மேலும் சட்டம் தொட முடியாத ஒரு கொலைப்பழி. சுவரில் மாட்டியிருக்கும் குழந்தைப் பாட்டில் என்ன வருகிறதோ அதே வரிசையில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இதுவரை நாவலுக்கும் அதன் நாடக வடிவத்துக்கும் பொது. கொலைகாரர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் முடிவுகளைத் தொடாமல் எது தேவலை என்று பேச முடியாது, அதனால் இன்னும் படிக்காதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு நாவலைப் படித்துவிட்டு வருவது நல்லது.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். 1939 நவம்பரில் லண்டனில் காலின்ஸ் கிரைம் கிளப் வெளியிட்டபோது, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் தலைப்பிலேயே இருந்தது. கிறிஸ்டி எடுத்துக்கொண்ட பழைய மேடைப் பாட்டிலிருந்து வந்த சொல் அது. அமெரிக்காவில் அது அப்போதே செல்லாது என்பதால் 1940 தொடக்கத்தில் டாட் மீட் நிறுவனம் பாட்டின் கடைசி வரியைத் தலைப்பாக்கி வெளியிட்டது. பிரிட்டனில் பழைய தலைப்பு 1985 வரை அச்சில் இருந்தது என்பதுதான் ஆச்சரியம். அப்புறம் இன்றைய தலைப்பு அங்கேயும் வந்தது, உள்ளே தீவின் பெயரும் பாட்டும் மாறி இப்போது 'சோல்ஜர் ஐலண்ட்' என்று நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் தாமதம், 2020-இல்தான் மாற்றினார்கள், உள்ளே 74 இடங்களில் திருத்த வேண்டியிருந்தது.

ஒவ்வொரு முறை இந்தப் பேச்சு வரும்போதும் 'அசலைக் கெடுத்துவிட்டார்கள்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்கள் கவனிக்காத ஒரு தேதி உண்டு. இந்தக் கதை புத்தகமாவதற்கு முன்பே தொடராக வந்துவிட்டது. அமெரிக்காவின் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' 1939 மே 20-ஆம் தேதி தொடங்கி ஏழு பகுதிகளாகப் போட்டது, அதுவும் இன்றைய தலைப்பில். லண்டனின் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பழைய தலைப்பில் தொடங்கியது ஜூன் 6-இல்தான். ஆகவே அச்சில் முந்தியது எது என்று பார்த்தால் இப்போது நாம் வாங்கும் தலைப்புதான் மூத்தது.

மூன்றாவது தலைப்பான 'டென் லிட்டில் இந்தியன்ஸ்' இதில் மிகப் பரிதாபமானது. கையில் நல்ல தலைப்பு இருக்கும்போதே 1960-களில் அமெரிக்க பாக்கெட் பதிப்பு இதற்குப் போனது. ஒரு இழிசொல்லை எடுத்துவிட்டு இன்னொரு இனத்தாரை அந்த இடத்தில் நிறுத்தியதில் என்ன லாபம் என்று தெரியவில்லை. கதைக்கும் அது ஒன்றும் சேர்க்கவில்லை. 'கடைசியில் யாரும் மிஞ்சவில்லை' என்று அட்டையிலேயே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் 'இவர் தப்பித்துவிடுவாரோ' என்று 200 பக்கத்துக்கு நம்மை நம்ப வைக்கிற துணிச்சல் இன்றைய தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது.

சரி, உண்மையான போட்டி முடிவுகளுக்கு இடையில். நாவலில் பத்துப் பேரும் செத்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து யார்டு குழம்பி நிற்கிறது, பிறகு கடலில் மிதந்து வந்த ஒரு பாட்டிலுக்குள் கொலைகாரரின் வாக்குமூலம் கிடைக்கிறது. 1943-இல் கிறிஸ்டியே இதை நாடகமாக்கியபோது வேரா கிளேதார்னும் பிலிப் லொம்பார்டும் பிழைத்துக்கொள்கிறார்கள், போதாக்குறைக்குக் காதலும் கைகூடுகிறது. மேடையில் எல்லோரும் செத்துவிட்டால் கதையைச் சொல்ல ஆள் வேண்டாமா என்பது அவர் சுயசரிதையில் சொல்லும் காரணம். 'தூக்கு மாட்டிக்கொண்டான்' என்பதற்குப் பதில் 'கல்யாணம் செய்துகொண்டான்' என்று முடியும் ஒரு வடிவமும் அந்தப் பாட்டுக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. நாவலிலேயே கடைசி அத்தியாயத்தில் வேரா அந்தக் கடைசி வரியில் ஏதோ கல்யாணம் என்று வருமே, இல்லை வேறு எதுவோ என்று தடுமாறுவாள். நாடகத்தின் முடிவுக்கு அங்கேயே விதை விழுந்திருக்கிறது.

ஆனாலும் எனக்கு நாடகத்தின் முடிவு ஒட்டவே இல்லை. இன்பமாக முடிவதில் எனக்கு ஒன்றும் கோபம் கிடையாது, அது கொலைகாரரின் கணக்கையே உடைத்துவிடுகிறது என்பதுதான் குறை. குற்றம் குறைவாக உள்ளவர்கள் முதலில் போக வேண்டும், அதிகம் உள்ளவர்கள் கடைசிவரை பயந்து பயந்து சாக வேண்டும் என்பது நாவலில் வரும் வாக்குமூலத்தின் கணக்கு. காரில் கண்மண் தெரியாமல் ஓட்டி இரண்டு பிள்ளைகளைக் கொன்றுவிட்டு அதை நினைத்துக்கூடப் பார்க்காத மார்ஸ்டன் முதல் ஆளாகப் போகிறான். தன் பொறுப்பில் இருந்த சிறுவனைத் தெரிந்தே கடலுக்குள் நீந்த விட்ட வேரா கடைசி ஆள். நாடகமோ, கடைசிவரை மிஞ்சுகிற இந்த இருவரையுமே நிரபராதிகள் ஆக்கிவிடுகிறது. அப்படியானால் குற்றமே செய்யாதவர்களுக்குத்தான் மிக நீண்ட தண்டனை என்று ஆகிறது. இது யாருக்கும் உறுத்தவில்லையா என்று எனக்கு இன்னும் வியப்பு.

நாவல் இன்னொரு இடத்திலும் முந்துகிறது. பாதிக்கு மேல் போனதும் மிச்சமிருப்பவர்களின் மனதில் ஓடுவதை யார் நினைப்பு என்று பெயர் போடாமல் வரிசையாகக் கொடுப்பார் கிறிஸ்டி. அதில் கொலைகாரரின் நினைப்பும் கலந்திருக்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எந்த வரி யாருடையது என்று உறைக்கும். மேடையில் இதைச் செய்ய வழியே இல்லை.

நாடகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிராமபோனில் இருந்து ஒரு குரல் பத்துப் பேர் மேலும் குற்றச்சாட்டு வாசிக்கும் காட்சி, காகிதத்தைவிட அரங்கில் பல மடங்கு வேலை செய்யும். பத்துப் பேரைக் குறிக்கும் பத்து பொம்மைகள் சாவுக்கு ஒன்றாகக் காணாமல் போவதும் அப்படித்தான், கண்ணெதிரே எண்ணிக்கை குறைவதைப் பார்க்கலாம். காலத்தையும் பார்க்க வேண்டும். செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் நாடகம் தொடங்கியது 1943 நவம்பரில், சில மாதங்களில் அந்த அரங்கு குண்டுவீச்சில் சேதமாகி நாடகமே கேம்பிரிட்ஜ் தியேட்டருக்கு மாறிப் போனது. அப்படிப்பட்ட ராத்திரிகளில் டிக்கெட் வாங்கி வந்தவர்களை, ஒருவர் மிச்சமில்லாமல் செத்தார்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப மனம் வராமல் இருந்திருக்கலாம். நியூயார்க்கில் 1944-இல் தொடங்கி 400-க்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது.

தொல்லை என்னவென்றால் சினிமாக்காரர்கள் நாடகத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ரெனே கிளேரின் 1945 படம், பிறகு 1965, 1974, 1989 என்று ஆங்கிலத்தில் வந்த எல்லாமே அந்த முடிவுதான், பனிமலை, ஈரான் பாலைவனம், ஆப்பிரிக்கா என்று இடம் மட்டும் மாறும். நாவலுக்கு உண்மையாக நின்றது 1987-இல் கோவோருகின் எடுத்த சோவியத் படம். ஆங்கிலத்தில் அந்தத் துணிச்சல் வர 2015-இல் பிபிசியின் மூன்று பகுதித் தொடர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டன் மேடையில் 2005-இலேயே கெவின் எலியட்டின் புதிய நாடக வடிவம் நாவலின் முடிவுக்குத் திரும்பிவிட்டது. நம்மூரில் வீணை எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' இந்தக் கதையின் பாதிப்பில் வந்த படம், இந்தியில் 'கும்நாம்' போல. இரண்டையும் தனிக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் இன்றைய தலைப்பில் உள்ள நாவல். பாட்டிலுக்குள் மிதந்து வரும் வாக்குமூலம் கொஞ்சம் அதிர்ஷ்டத்தை நம்பியதுதான், ஒரு மீன்பிடிப் படகின் கையில் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம், இருந்தாலும் மேடையில் கொலைகாரர் கடைசி நிமிடத்தில் நின்று எல்லாவற்றையும் விளக்குவதைவிட அது எவ்வளவோ மேல். நாடகத்தை அதற்குப் பிறகு படியுங்கள். பழைய புத்தகக் கடையில் 'டென் லிட்டில் இந்தியன்ஸ்' என்று அட்டை கண்ணில் பட்டால் உள்ளே புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நாடகப் பிரதியும் அதே பெயரில் அச்சாகியிருக்கிறது.