அரிசி ஆலைக்கு ஹை பே விளக்கு: தனி டிரைவரா, டி.ஓ.பி.யா?

புதுவயல், காரைக்குடி பக்கத்து அரிசி ஆலைகளில் பழைய 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கைக் கழற்றினால், அந்த இடத்துக்கு 150 வாட் எல்.இ.டி. ஹை பே (உயரமான கூரையில் தொங்கவிடும் விளக்கு) போதும். வாங்கப் போனால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்றில் டிரைவர், அதாவது லைன் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் சாதனம், தனிப் பெட்டியாக இருக்கும். இன்னொன்று டி.ஓ.பி. (டிரைவர் ஆன் போர்டு): எல்.இ.டி. பதித்த அலுமினியத் தகட்டிலேயே டிரைவர் சில்லும் உட்கார்ந்திருக்கும், 230 வோல்ட்டை நேரே கொடுத்துவிடலாம். ஆலைக்கு எங்கள் ஓட்டு தனி டிரைவருக்குத்தான்.

விலையிலும் எடையிலும் டி.ஓ.பி. முந்தும். மாட்டுவதும் சுலபம். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, எந்த வகையானாலும் வாட்டைப் பார்க்காமல் வெளிச்சத்தின் அளவான லூமனைக் கேட்க வேண்டும். 13,000 லூமன் வேண்டுமென்றால், வாட்டுக்கு 130 லூமன் தரும் விளக்கில் 100 வாட், 100 லூமன் தரும் விளக்கில் 130 வாட். தினம் 12 மணி நேரம், 300 நாள் எரித்தால் ஒரு விளக்குக்கே ஆண்டுக்கு 108 யூனிட் வித்தியாசம்.

மினுக்கம் சின்ன விஷயமில்லை. மலிவான டி.ஓ.பி. விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, செல்போன் கேமராவைக் காட்டினால் கறுப்புப் பட்டைகள் ஓடும். அந்த வெளிச்சத்தில் சுற்றும் புல்லி நின்றுவிட்டதுபோலத் தோன்றி, யாராவது கையை வைத்துவிடலாம்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பழுது பார்க்கும் வேலைதான். எல்.இ.டி. சில்லு அவ்வளவு சீக்கிரம் சாகாது. முதலில் போவது டிரைவர். நியூட்ரல் அறுந்தால் ஒற்றை ஃபேஸ் லைனில் 400 வோல்ட் வரை ஏறும், மழைக்காலத்தில் இடி வேறு. டி.ஓ.பி.யில் அந்த அடி நேரே தகட்டில் விழும். டிரைவர் சில்லு போனால் தகடு முழுவதும் குப்பைக்கு. அதை மாற்ற 25 அடி உயரத்துக்குச் சாரம் கட்டி, அதுவரை ஆலையை நிறுத்த வேண்டும். வோல்டேஜ் கூடினால் மிஞ்சுவதை வெப்பமாகத் தள்ளுவதுதான் இவற்றில் பலவற்றின் வேலைமுறை என்பதால், ராத்திரி லோடு குறைந்து லைன் வோல்டேஜ் ஏறும்போது தகடு இன்னும் சூடாகும்.

தனி டிரைவரை விளக்கோடு சேர்த்துக் கூரையிலேயே விட்டுவிட்டால் பாதி லாபம் போச்சு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் காற்று கொதிக்கும். டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும். அதனால் டிரைவரைத் தூணில் 5 அடி உயரத்தில், தூசி புகாத பெட்டியில் வைத்து, விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. வயர் இழுப்பது நல்லது. மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவர் என்பதால் பத்து மீட்டர் வயரால் வெளிச்சம் குறையாது. டிரைவர் போனால் கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம், ஸ்டூல்கூட வேண்டாம்.

மாற்றும்போது பலர் வாட்டை மட்டும் பார்த்து வாங்கித் தவறுவார்கள். லேபிளில் உள்ள மில்லி ஆம்பியர் அப்படியே பொருந்த வேண்டும், விளக்கின் வோல்டேஜ் டிரைவரின் வரம்புக்குள் இருக்க வேண்டும். டிரைவருக்கென்று தனி பி.ஐ.எஸ். பதிவு எண் உண்டு, அதையும் பார்க்கவும். சப்ளை இருக்கும்போது விளக்கைச் செருகவே கூடாது. லோடு இல்லாத டிரைவர் உச்ச வோல்டேஜில் நிற்கும். செருகிய நொடியில் அது எல்.இ.டி.யைப் பதம் பார்த்துவிடும்.

440 வோல்ட் தாங்கும், 10 கிலோவோல்ட் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் பயனில்லை. சர்ஜ் போய்ச் சேர எர்த் வேண்டுமே! நம் செம்மண், செம்பொறை நிலம் கோடையில் காய்ந்து எர்த்தைக் கெடுக்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, பங்குனி தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றி, எர்த் டெஸ்டர் மீட்டரில் 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கவும்.

தவிட்டுத் தூசி எண்ணெய்ப்பசை உள்ளது. வெப்பம் வெளியேறும் அலுமினிய மடிப்புகளில் அப்பிக்கொண்டால், தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்னும் ஐ.பி. 65 முத்திரை காப்பாற்றாது. இரண்டு வகைக்கும் இது பொது. மடிப்பு இடைவெளி அகலமாக உள்ளதை வாங்கி, அறுவடைக் காலத்துக்கு முன்பே துடைக்கவும்.

நெல் அவிக்கும் நீராவிப் பகுதிக்கு மட்டும் இதே உறுதியோடு சொல்லத் தயக்கம். தனி டிரைவரில் வயர் நுழையும் கிளாண்ட் ஒன்றிரண்டு கூடுதல். அதன் வழியாக ஈரம் ஏறும். மொத்தமாக மூடிய டி.ஓ.பி. அங்கே தாக்குப்பிடிக்கலாம்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளின் கதை வேறு. கூரை தாழ்வு, சுற்றும் இயந்திரமும் இல்லை. ஏணி போட்டால் எட்டும் இடத்தில் டி.ஓ.பி.யே போதும். ஆனால் கண்ணாடிமேல் கையால் வண்ணம் ஊற்றுகிற வேலைக்கு 6500 கெல்வின் நீல வெளிச்சம் ஆகாது. 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 80க்கு மேல் என்று கேட்டு வாங்கவும்.