75ஆவது சுற்று உடல்நலத் தரவு: இலவசம்தான், வெயிட் போடாமல் தொடாதீர்கள்

தேசிய மாதிரி ஆய்வு, 75ஆவது சுற்று, அட்டவணை 25.0 (உடல்நலக் கேள்வித்தாள்). 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நாடு முழுக்க 1,13,823 குடும்பங்களிடம் எடுத்தது. புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா (வீடுவாரியான மூலத் தரவு) தளத்தில் பெயரைப் பதிந்து இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஒரு நோய்க்காகக் குடும்பத்தின் கையிலிருந்து எவ்வளவு போனது என்று பார்க்க அருமையான சரக்கு. 5க்கு 4 கொடுக்கலாம்.

மருத்துவமனையில் படுத்த ஒவ்வொரு முறைக்கும் டாக்டர் ஃபீஸ், மருந்து, டெஸ்ட், படுக்கை, நோயாளியின் வண்டிச் செலவு எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கின்றன. காப்பீட்டில் திரும்பி வந்த தொகையும் உண்டு. பணத்தை எப்படிப் புரட்டினார்கள், சேமிப்பா, கடனா, சொத்தை விற்றா என்பதும் தெரியும்.

முதல் சறுக்கல் வெயிட்டில், அதாவது மாதிரியில் உள்ள ஒரு வீடு நாட்டில் எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்ற பெருக்கி எண்ணில். அதில் கடைசி இரண்டு இலக்கம் தசமம்; 100ஆல் வகுக்க வேண்டும். மாதிரியை இரண்டு துணை மாதிரிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும்போது, கோப்பில் என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற இரண்டு கட்டங்களின் எண்கள் ஒத்துப்போகாத வரிசைகளுக்கு 200. தமிழ்நாட்டு மக்கள்தொகை நூற்றுக்கணக்கான கோடியில் வந்தால் வகுக்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வெயிட்டே போடாவிட்டால் இன்னும் மோசம்: கைக்குழந்தை உள்ள வீடுகளையும் ஆஸ்பத்திரிக்குப் போன வீடுகளையும் வேண்டுமென்றே அதிகம் எடுத்திருக்கிறார்கள். பிரசவக் கேஸ்களும் அதே கோப்பில்தான். நோய்ச் செலவு பார்ப்பவர்கள் அவற்றை முதலில் கழிக்கட்டும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை. மாவட்ட எல்லை 2011 கணக்கெடுப்பின்படி. அதனால் அம்பத்தூரும் திருவொற்றியூரும் திருவள்ளூரில், ஆலந்தூரும் சோழிங்கநல்லூரும் காஞ்சிபுரத்தில். மாநகராட்சி எல்லையோடு ஒப்பிடவே முடியாது. சென்னை மாவட்டத்தை மட்டும் பிரித்து, அதிலும் ஒரே ஒரு நோயைப் பார்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பக் கேஸ்கள். தமிழ்நாட்டு நகர்ப்புறம் முழுவதையும் எடுப்பதே உசிதம்.

பெரிய குறை வேறு. சர்க்கரை நோய்க் கால் புண்ணோடு ஒருவர் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பத்து நாள் படுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, படுக்கை, அறுவைச் சிகிச்சை மூன்றிலும் பூஜ்யம். ஆனால் நாள் கூலி 700 என்றால் அவருக்கு 7,000 போச்சு, கூடவே இருந்த மனைவிக்கும் வேலை போச்சு. குடும்பம் இழந்த வருமானத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். வீட்டு வேலை மட்டும் செய்பவரின் நேரத்துக்கு அதில் விலையே இல்லை. அரசு செலவழித்த தொகை இந்தத் தரவில் எங்கும் கிடையாது. அதை மருத்துவமனைச் செலவு ஆய்விலிருந்து கொண்டுவந்து கூட்ட வேண்டும். சிலர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் விலையைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். அது பேசி நிர்ணயித்த விலை, சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவாகாது. இதைச் செய்யாமல் பூஜ்யத்தை அப்படியே எடுத்தால் அரசு மருத்துவமனை நோயாளிக்குச் சுமையே இல்லை என்று அட்டவணை சொல்லும்!

புறநோயாளிச் செலவு கடைசி 15 நாளுக்கு மட்டும். மொத்தச் செலவை ஆண்டுக்கு மாற்ற 365/15ஆல் பெருக்குவது சரி. ஆனால் ஒவ்வொரு வீட்டையும் அப்படிப் பெருக்கி, மருத்துவச் செலவு குடும்பச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டிய வீடுகளை எண்ணினால் கதை கந்தல்: ஒருமுறை காய்ச்சலுக்குப் போன வீடு வருடம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்ததாகிவிடும். குடும்பச் செலவையும் இதில் விரிவாகக் கேட்கவில்லை, அதனால் அது குறைவாகப் பதிவாகலாம். வகுக்கும் எண் குறைந்தால் சதவீதம் ஏறும்.

புற்றுநோய் என்றால் நோயாளிகளின் எண்ணிக்கையை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் சென்னைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள், ஆளுக்கான செலவை மட்டும் இங்கிருந்து. அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆண்டில் இறந்துபோனவர்களின் விவரம் தனிக் கட்டத்தில் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் பட்டியலோடு மட்டும் இணைத்தால் இறந்தவர்களின் கடைசி மாதச் செலவெல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.